மாட்டுக்கொட்டகையில் ஒரு செய்வினை

செவந்தி சமைத்ததை ஒருத்தர் சாப்பிடாமல் எழுந்தார் என்ற பேச்சே அரிமளம் வட்டாரத்தில் அதுவரை கிடையாது. கல்யாண வீட்டுச் சமையல்காரர்களே அவள் வைத்த கோழிக்குழம்பை ரெண்டாம் தடவை ஊற்றச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட கைக்காரியை ஒரு மருமகள் வந்து மண்ணைக் கவ்வ வைத்துவிட்டாள். சண்டை போட்டு இல்லை, சத்தம் போட்டும் இல்லை. தட்டில் கிடக்கிற நாலு பருக்கையை இங்கிட்டும் அங்கிட்டும் தள்ளிவிட்டு, "போதும் அத்தை, நல்லாருக்கு அத்தை" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவாள். சிரிக்காமல் போனாலாவது நாலு வார்த்தை திட்டலாம்.

மருமகள் பேர் யூலான். சீனாக்காரி. மகன் நிலவழகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது அதே கம்பெனி ஆபீசில் இருந்தவள். அங்கேயே ரெண்டு பேரும் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, எட்டு மாசத்துக்கு முந்தி ஊரோடு வந்துவிட்டார்கள். நிலவழகன் இப்போது வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் சோலார் மாட்டிக் கொடுக்கிறான். செவந்திக்கு முதலில் வயிறு எரிந்தது என்னமோ உண்மைதான். ஆனால் வந்த மறுநாளே அந்தப் பெண் சாணியைக் கையால் அள்ளிக்கொண்டு வந்து, "அத்தை, இது எங்க போடணும்?" என்று சிங்கப்பூரில் கற்ற தமிழில் கேட்டதில் பாதிக் கோபம் போய்விட்டது. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு மிச்சப் பாதியும் போயே போச்சு.

இப்போது ஆறாம் மாசம். வயிற்றில் பிள்ளை ஏற ஏற, தாய்க்காரி இறங்கிக்கொண்டே வந்தாள். செவந்தியும் விட்டாளா? ஆட்டுக்கால் சூப், நாட்டுக்கோழி ரசம், முருங்கைக்கீரை, உளுந்தங்களி என்று ஒன்று பாக்கியில்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில் நண்டு வரவழைத்தாள். யூலான் அதைப் பார்த்ததும் ரெண்டு எட்டு பின்னால் போய், "எங்க ஊர்ல பிள்ளைத்தாய்ச்சி நண்டு சாப்பிடக்கூடாது அத்தை" என்றாள். அவளாக ஆசைப்பட்டு வாங்கிவந்த அன்னாசிப்பழத்தைச் செவந்தி பிடுங்கி மாட்டுத் தொட்டியில் போட்டாள். ரெண்டு ஊர் ஆகாததையும் கழித்துப் பார்த்தால் குடிதண்ணீர்தான் மிச்சம்.

"சோறு இல்லாம பொம்பளைப்பிள்ளை காத்தாப் போயிருச்சே மதினி" என்று பக்கத்து வீட்டு அமுதவல்லி வேறு தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போனாள். விசாரணை என்று பேர், ஊசி குத்துவதுதான் வேலை.

ஆனால் செவந்தியின் உண்மையான பயம் வேற. சாயந்தரமானால் யூலானின் அம்மா போனில் வருவார். அங்கே ஒரு முகம் அழும், இங்கே ஒரு முகம் அழும். நிலவழகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "பிரசவத்துக்கு அங்க வரச் சொல்றாங்கம்மா. ஏழு மாசம் முடியறதுக்குள்ள போனாத்தான் பிளேன்ல ஏத்துவாங்களாம்." செவந்தி என்ன சொல்ல முடியும்? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் முறை. மூணாம் மாசத்தில் ஊர்ப் பொம்பளைகள் எல்லாரும் இருக்கும்போது, "தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான், நாங்க முறை தவற மாட்டோம்" என்று அவளே பெருமையாகச் சொல்லியும் வைத்திருக்கிறாள். வாயில் வந்தது அது. மனசில் இருந்தது வேற. புதுக்கோட்டையிலோ காரைக்குடியிலோ தாய்வீடு என்றால் ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். கடல் தாண்டிப் போகிறவள் பெற்றபின் திரும்பி வருவாளா? வந்த இடத்தில் ஒரு வாய் சோறு இறங்காதவள் எதை நம்பித் திரும்பி வருவாள்?

மாசி மாசம், ஒரு வியாழக்கிழமை. மகனும் மருமகளும் ஸ்கேன் எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார்கள். செவந்தி பழைய கூடை ஒன்றைத் தேடி மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தாள். உமி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மண்பானை. வாயில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பானையின் வயிற்றில் கரிக்கட்டையால் கோடு கோடாகக் கட்டங்கள். துணியை அவிழ்த்துப் பார்த்தாள். சாம்பலும் மண்ணும் அப்பி, உமியில் புரட்டிய முட்டைகள். எண்ணிப் பார்த்தாள், பன்னிரண்டு.

"ஆத்தாடி!" என்று போட்ட சத்தத்தில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

முட்டை, சாம்பல், சிவப்புத் துணி, எழுத்து. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எவளோ வயிற்றெரிச்சல் பிடித்தவள் பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்வினை வைத்துவிட்டாள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா, செவந்திக்குப் பயத்தோடு கூடவே கொஞ்சம் நிம்மதியும் வந்தது. அப்படியென்றால் குற்றம் தன் சமையலில் இல்லை!

குறி சொல்கிற கோடாங்கி இருளாண்டிக்குப் போன் பறந்தது. அவர் டி.வி.எஸ். வண்டியில் உடுக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பத்து நிமிசத்தில் வந்துவிட்டார். பானையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கட்டங்களைத் தொடாமல் விரலால் எண்ணினார்.

"இது நம்ம பக்கத்து வேலை இல்ல ஆத்தா. மலையாள எழுத்து" என்றார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த அமுதவல்லி. அவளுக்கு எப்பவும் அப்பவே தெரியும்.

இருளாண்டி ஒரு முட்டையை எடுத்து எலுமிச்சம்பழத்தின் மேல் தட்டி உடைத்தார். வெள்ளைக்கரு தண்ணியாக ஓடிவிட்டது. மஞ்சள்கரு ஓடவில்லை. கோலிகுண்டு போலக் கெட்டியாக, செக்கச்செவேலென்று கீழே விரித்திருந்த வாழையிலையில் உருண்டது. கோடாங்கியே ஒரு அடி பின்வாங்கினார்.

"முப்பது வருசத் தொழில்ல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் சத்தியமான வார்த்தை அது ஒன்றுதான்.

மறுபடி துணியைக் கட்டி, மேலே வேப்பிலை வைத்து, வீட்டுக்காரி கையாலேயே கண்மாயில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. செவந்தி அப்படியே செய்தாள். வந்து தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு, வீடு முழுக்க மஞ்சள்தண்ணி தெளித்து, பாயசம் வைத்தாள். இன்றைக்கு மருமகள் வயிறாரச் சாப்பிடப் போகிறாள் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோசம்.

மூணு மணிக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறதாம். தாய் எடைதான் இன்னும் அரைக் கிலோ குறைந்துவிட்டதாம். யூலான் செருப்பைக் கழற்றின கையோடு நேராகக் கொட்டகைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அத்தை, உமிக்குப் பின்னாடி ஒரு பானை…"

"அதையா கேக்குற தாயி? தொலைச்சுத் தலை முழுகியாச்சு! ஒன் மேல ஏவி விட்டதை நான் என் கையாலயே கண்மாயில இறக்கிட்டு வந்துட்டேன்!"

நிலவழகன் தலையில் கை வைத்தான். "அம்மா! அது அவ போட்ட உப்பு முட்டைம்மா!"

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யூலானின் ஊர் ஏரிக்கரை ஊர். அங்கே வாத்து முட்டையைச் சாம்பலிலும் உப்பிலும் மண்ணிலும் புரட்டி ஒரு மாசம் வைத்து, அவித்து, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார்களாம். அவள் நாக்கு நாலு மாசமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாம். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்து தங்கியபோது, நிலவழகன்தான் முட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவள் மண் பிசைந்து, நல்ல காரியம் என்று சிவப்புத் துணி கட்டி, ஒரு நாளைக்கு ஒரு கோடாகப் பானையில் போட்டு வந்திருக்கிறாள். அஞ்சு கோடு சேர்ந்தால் ஒரு எழுத்து. அவர்கள் ஊரில் நாள் எண்ணுகிற கணக்கு அப்படியாம்.

"இதை ஏண்டா எங்கிட்ட மறைச்சீக?"

"நீ அடுப்படியில கெடந்து வேகுற. ஒன் சோறு பிடிக்கலேன்னு நெனச்சு வருத்தப்படுவியேன்னு அவதான் சொல்ல வேணாம்னா."

யூலான் கத்தவில்லை. "இருபத்தெட்டு நாள் ஆச்சு அத்தை. இன்னும் ரெண்டு நாள்தான்" என்றாள். "நான் எங்க அம்மாகிட்ட போறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் தேம்பித் தேம்பி அழுவது கூடத்தில் கேட்டது.

செவந்தி அடுப்பில் இருந்த பாயசத்தைப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எங்கிட்டுப் போறே? எறக்கி விட்டதைத் திரும்ப எடுக்கலாமா?" என்று பின்னாலேயே வந்தார் புருசன் மலையாண்டி.

"எடுத்தா என்ன வந்துரும்? வர்றது என் தலையில வரட்டும். நீங்க போய் அந்த ஓடிப்போன கன்னுக்குட்டியைப் பிடிங்க!"

கண்மாய்க்கரை டீக்கடையில் இருளாண்டி வடை தின்றுகொண்டிருந்தார். செவந்தி தண்ணிக்குள் இறங்குவதைப் பார்த்ததும் வடை தொண்டையில் நின்றுவிட்டது. "ஆத்தா, திரும்பிப் பார்க்கவே கூடாதுன்னேன், நீ எறங்குறியே!"

"பேசாம இரு இருளாண்டி! மலையாள எழுத்தாம்ல, மலையாள எழுத்து! அது என் மருமக போட்ட ஊறுகா!"

கரையில் இருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்கட்டும். செவந்தி இடுப்பளவு தண்ணியில் காலால் துழாவினாள். சேறு முழங்கால் வரைக்கும் இழுத்தது. ஒரு தடவை வழுக்கி முழுசாக உள்ளே போய் எழுந்தாள். தலையெல்லாம் பாசி. மாசி மாசத்துத் தண்ணியாக இருந்ததால் ஆச்சு, இதே கார்த்திகை என்றால் பானை எங்கே போயிருக்குமோ. கடைசியில் வலது கால் கட்டை விரலில் பானை விளிம்பு இடித்தது. "இருக்கு! இருக்கு!" என்று அவள் போட்ட கூப்பாட்டைக் கேட்டு கரையில் கை தட்டினார்கள். இருளாண்டியும் தட்டினார்.

ரெண்டு முட்டையில் விரிசல். மிச்சம் ஒன்பது முழுசாக இருந்தன.

நனைந்த கோலத்தோடு, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அறைக் கதவுக்கு வெளியே நின்று செவந்தி கேட்டாள்: "ஏத்தா, இதை எம்புட்டு நேரம் அவிக்கணும்?"

கதவு திறந்தது. யூலான் மாமியாரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். காதோரம் ஒரு அல்லிக்கொடி தொங்கியது. அழுது வீங்கின முகத்தில் முதலில் வாய் கோணியது, பிறகு குபீரென்று சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செவந்திக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கஞ்சி எப்படி இருக்க வேண்டும் என்று யூலான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, செவந்தி அரிசி இருந்த இடம் தெரியாமல் குழைய விட்டாள். உப்புக்கூடப் போடக் கூடாதாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வெறுங்கஞ்சி ஊற்றினாள் என்று அமுதவல்லி ஊர் பூராவும் சொல்லுவாள். சொல்லட்டும், வாய் வலித்தால் நிறுத்துவாள். அவித்த முட்டையை ரெண்டாக நறுக்கியதும் மஞ்சள்கருவிலிருந்து எண்ணெய் மினுமினுவென்று கசிந்தது. யூலான் தன் குச்சிகளால் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். ஒரு கிண்ணம், ரெண்டாவது கிண்ணம், மூணாவது கிண்ணம். நிலவழகன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். செவந்தி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மருமகள் தொண்டையில் ஒவ்வொரு வாயும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாசத்தில் இப்படியொரு காட்சி அவளுக்குக் கிடைக்கவில்லை.

இதுதான் சமயம், சொல்லிவிட வேண்டியதுதான் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"நீ ஒங்க அம்மாகிட்டப் போயிட்டு வா தாயி. அதுதான் முறை. நான் குறுக்க நிக்க மாட்டேன். பெத்து எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துரு, அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

யூலான் கிண்ணத்தை இறக்கினாள். "அத்தை, எனக்குப் போக இஷ்டம் இல்ல. கோவத்துல சொன்னேன்."

"அப்ப ஒங்க அம்மா தினம் அழுது கூப்பிடுறாகளே?"

"அம்மா பயந்து அழறாங்க. எங்க ஊர்ல கல்யாணம் ஆன பொண்ணு அம்மா வீட்ல பிள்ளை பெத்துக்கக் கூடாது. அண்ணன் குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்வாங்க. எங்க பெரியம்மா எல்லாரும் அம்மாவத் திட்டறாங்க. ஆனா மூணாம் மாசம் நீங்கதான் சொன்னீங்க, அம்மா வீட்டுக்கு அனுப்பணும், அதுதான் முறைன்னு. உங்க முறைய மதிக்கணும்னு அம்மா சரின்னுட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "நான் நெனச்சேன், உங்களுக்கு என்னை இங்க வச்சுக்கப் பிடிக்கலேன்னு. அதுல இருந்துதான் அத்தை, எனக்குச் சோறே இறங்கல."

எவளோ வைத்த செய்வினை என்று செவந்தி இன்றைக்கெல்லாம் பதறினாளே, வைத்தவள் அவளேதான். பத்துப் பேர் முன்னால் பெருமைக்குச் சொன்ன ஒத்தை வார்த்தை.

"அடி என் கூறுகெட்ட மகளே" என்று யூலானின் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் இன்னும் கண்மாய்ச் சேறு இருந்தது. "நான் வாய்க்குச் சொன்னதுடீ அது! ஒன்னை அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன்? டேய் நிலவழகா, ஒன் மாமியாருக்கு இப்பவே போனைப் போடு. பேரப்பிள்ளை இங்கிட்டுத்தான் பொறக்கும்னு சொல்லு. பார்க்கணும்னா அவுக பிளேன்ல ஏறி வரட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. குமுறிக் குமுறி அழுதாள். யூலான் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தாள். பிறகு குச்சியால் மஞ்சள்கருவில் ஒரு துண்டை எடுத்து, இடது கையைக் கீழே ஏந்திக்கொண்டு, அழுகிற மாமியாரின் வாயில் வைத்தாள்.

செவந்தி அழுதபடியே மென்றாள். மென்று விழுங்கிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"உப்புக் கூடிப் போச்சுத்தா" என்றாள். "இன்னொரு வாய் குடு."