தவளைக்கு எழுதிவைத்த சரிவு

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை சர்க்கார் அச்சாபீசுக்குப் பெரியதுரையாக இருந்தவர் பெல்லமி. இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் கண்டுபிடித்த செடியையும் பூச்சியையும் பாம்பையும் புத்தகமாக அடித்துக் கொடுத்தார். அவர் பெயர் மட்டும் கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் கிடக்கும். ஒரு தடவையாவது அது பக்கத்தின் தலைக்கு ஏறவேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

லீவு கிடைத்தால் பூதக்கண்ணாடியோடு போடி மலையில் எங்கள் குரங்கணிக்கு வந்துவிடுவார். கிழக்குச் சரிவில் ஒரு தவளையைக் கண்டார். ஈய எழுத்தைப் பெட்டியில் போட்டதுபோல 'டிக்' என்று கத்துமாம். கத்தினால் கால் மணியில் மழை வருமாம். இதையெல்லாம் எழுதி லண்டனுக்குப் பதினோரு கடிதம் போட்டார். பதினொன்றுக்கும் ஒரே பதில்: 'சாதாரணத் தவளை.'

துரை கோபப்படவில்லை. சர்க்கார் கெஜட்டில், கள்ளுக்கடை ஏலத்துக்கும் காணாமல்போன எருமைக்கும் நடுவே, 'குரங்கணிக் கிழக்குச் சரிவு பெல்லமித் தவளையின் இருப்பிடம். வேறு எவருக்கும் பாத்தியதை இல்லை' என்று தானே எழுத்துக் கோத்து அடித்துவிட்டார். கெஜட்டை யார் படிக்கிறார்கள்? ஆட்சேபணை வரவில்லை. மறுமாசமே போடியில் காய்ச்சல் கண்டு செத்தார். அழ ஆளில்லை. கெஜட்டு மட்டும் சாகவில்லை.

இந்தச் சித்திரையில் என் பங்காளி வீரையா அந்தச் சரிவில் இருக்கும் தன் இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பட்டா கேட்டான். கிடைக்காவிட்டால் ஆடிக்குள் காலிசெய்ய வேண்டும். பழைய கெஜட்டெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட காலம்; தேடியதும் தவளையின் பாத்தியதை வந்து நின்றது. விசாரிக்க வித்யா என்ற தாலுகா ஆபீஸ் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினாள்.

"எதிர்த்தரப்ப மூணு தடவை கூப்பிடணும். பதில் இல்லைன்னா இடம் உங்களுக்கு."

"முப்பது வருசமா மருந்தடிக்கிறேன் தாயி. புழுவே இல்ல, தவளை எங்குட்டு இருக்கப்போகுது? வெரசா கூப்பிடுங்க," என்றான் வீரையா.

"மரியாதையாக் கூப்பிடும்மா. துரை வீட்டுத் தவளை," என்றேன்.

"அண்ணே, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு!"

"பெல்லமித் தவளை!" என்று வித்யா கூப்பிட்டாள். சத்தமில்லை. இரண்டாம் முறையும் இல்லை. வீரையா கையெழுத்துக்குப் பேனாவை எடுத்துவிட்டான். மூன்றாம் முறை கூப்பிட்டாள்.

செடி அடியிலிருந்து, 'டிக்.'

வித்யா முகம் மாறாமல் 'ஆஜர்' என்று எழுதினாள்.

வீரையா அப்படியே உட்கார்ந்தான். மழை கண்டு நாலு மாசமாகியிருந்தது. மஞ்சளாய்ப் போன செடிகளைத் தடவிப் பார்த்தான்.

"இடம் போனாப் போகுதுண்ணே. கால் மணியில மழையாவது வரும்ல? செடியாச்சும் பொழைக்கும்."

"துரையே எழுதியிருக்காரேப்பா."

மூன்று பேரும் வித்யாவின் செல்லில் மணி பார்த்தபடி நின்றோம். கால் மணி ஆனது. அரை மணி ஆனது. வானம் கழுவிக் கவிழ்த்த வட்டில் மாதிரி இருந்தது.

லண்டன்காரன் சொன்னது சரிதான். சாதாரணத் தவளை.