சிவப்பு வாளி

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் ஊரார் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்கும் மனிதர், ஆறாவது நாள் தூண்டிலைத் தூக்கினால் பெண்டாட்டி ஒருத்தி இருப்பதையே மறந்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை காலை, "சும்மாதான இருக்க, நீயும் வாயேன்" என்றார். போனேன். என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

கரையிலிருந்து நூறு அடி தள்ளி ஒரு பாறை. நடுவில் ஒரு பள்ளம். கடல் வற்றியிருக்கும்போது அதில் முழங்கால் தண்ணீர்தான், நடந்தே போய்விடலாம். ஆனால் தண்ணீர் ஏறத் தொடங்கும்போதுதான் மீன் கரைப்பக்கம் வந்து கடிக்குமாம். ஏறுகிற தண்ணீர் முதலில் நிரப்புவதோ, முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பள்ளத்தை. எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

தூண்டிலோடு அந்தப் பாறைக்குப் போகும் முன் என் புது சிவப்பு வாளியில் ஒரு கை மணலைப் போட்டு, பள்ளத்தின் ஓரம், தண்ணீருக்குச் சற்று மேலே வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள்.

நான் மணலில் உட்கார்ந்து, தூண்டிலுக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வாளியைத் தொட்டது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, கடலுக்குத் தாரை வார்க்கவா? மேலே நகர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொட்டது. மறுபடி நகர்த்தினேன். மூன்றாவது முறை நகர்த்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் பள்ளத்தைப் பார்த்தேன். அவர் நடந்து போன இடத்தில் தண்ணீர் கறுத்துச் சுழன்றது. பாறை பாதியாகியிருந்தது.

"என்னங்க, வந்துடுங்க. தண்ணி ஏறுது."

எதிர்க்காற்று, குரல் போய்ச் சேரவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன். திரும்பினார். வாளியைச் சுட்டிக்காட்டினார், கட்டை விரலை உயர்த்தினார், மறுபடி தூண்டில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது. வாளி மிதக்காதவரை தனக்கு நேரம் இருக்கிறது என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருக்கிறார். அதை மிதக்கவிடாமல் நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வாளியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர்வரை ஓடி, பலம் கொண்ட மட்டும் வீசினேன். மிதந்தது. அவர் பார்க்கவில்லை. மீன் ஏதோ மாட்டியிருக்க வேண்டும், குனிந்து கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாளி ஓரமாக இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பாருங்க, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க என்று வாய்விட்டு அழுதேன்.

பார்த்தார். எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறங்கினார். தண்ணீர் மார்புக்கு வந்தது, பிறகு தாடைக்கு. ஓர் இடத்தில் தலையையே காணோம். என் உயிர் என்னிடம் இல்லை. மறுபடி தலை தெரிந்ததும் எட்டிச் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன்.

இருமி முடித்ததும் சிரித்தார். "பாத்தியா, பக்கெட்டு மிதந்துச்சு, உடனே கெளம்பிட்டேன். இந்த ஏற்பாடு என்னைக்குமே தப்பாது."

"அது தானா மிதக்கலீங்க. நான்தான் தூக்கிப் போட்டேன். அதுக்கு முன்னாடி, அடிச்சிட்டுப் போயிடுமேன்னு நகத்தி நகத்தி வச்சேன்."

சிரிப்பு நின்றது. "எத்தன தடவ?"

"மூணு."

திரும்பிக் கடலைப் பார்த்தார். அவர் நின்றிருந்த இடத்தின் மேல் ஓர் அலை ஏறி இறங்கியது. எழுந்திருக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு வெகுநேரம் அவர் என் கையை விடவில்லை.