பங்காளிகளுக்கு எடுத்த எக்கோ

1

இந்தக் கதை ஒரு மரபணு மருத்துவரின் அலுப்பிலிருந்து எனக்குக் கிடைத்தது. "வேன் நிறைய ஆள் கூட்டி வந்தார். வரவேண்டிய ஒருத்தி மட்டும் அதில் இல்லை" என்றார். ஊர், பேர், மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'கொழிஞ்சாம்பாறையில் அன்று மழை' (அடித்துவிட்டேன். மழை பெய்தால் வாசகர் முன்கூட்டியே துக்கத்துக்குத் தயாராகிவிடுகிறார்.)

இரண்டாவது: 'ஃபிப்ரில்லின் என்பது' (இது கட்டுரை. ஆனாலும் இது இல்லாமல் கதை நிற்காது. கீழே வைக்கிறேன்.*)

மூன்றாவது: ஈஸ்வரமூர்த்தியின் அண்ணன் நாற்பதைத் தொடாமல் செத்துப்போனார். நெஞ்சில் பெருந்தமனி கிழிந்திருந்தது. பரம்பரையாக வரும் மார்ஃபான் நோய் என்றார் மருத்துவர். "ரத்த சொந்தம் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

இதையே வைத்துக்கொள்வோம்.

* ஃபிப்ரில்லின் தமனிச் சுவரில் ஓடும் புரத நூல். சுவரை நெகிழ்வாகப் பிடித்திருக்கும். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிச் சமிக்ஞையையும் கட்டிப்போட்டிருக்கும். எஃப்பிஎன்-1 மரபணு பழுதானால் இரண்டு பிடியும் தளரும். அவிழ்ந்த மாடு பயிரில் இறங்கியதுபோல அந்தச் சமிக்ஞை சுவரைக் கெடுக்கும். தமனி புடைக்கும், ஒருநாள் கிழியும். கைவிரல்கள் நீண்டு மெலிந்திருப்பது வெளியே தெரியும் அடையாளம். கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் ஆபத்து கூடுதல். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணானாலும் பெண்ணானாலும்.

3

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் பங்காளிகள் இறங்கினார்கள். எல்லாரும் அப்பா வழி, ஒரே குலக் கூட்டம்.

"ஏப்பா ஈஸ்வரா, பொண்ணு பாக்கப் போறாப்பல கூட்டிட்டு வந்துட்டு இங்க சட்டையக் கழட்டச் சொல்றாங்களே!" என்றார் குப்பண்ணன்.

எக்கோ என்ற இதய ஸ்கேனில் ஒருவருக்கும் கோளாறில்லை. ஈஸ்வரமூர்த்திக்கும் இல்லை. எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார்.

"கூடப்பொறந்தவங்க வேற யாரும் இல்லையா?" என்றார் மருத்துவர்.

"ஒரு தங்கச்சிங்க. கோபாலபுரத்துல கட்டிக் குடுத்தாச்சு. அவ இப்ப வேற கூட்டமுங்க."

"அவங்களத்தான் மொதல்ல கூட்டிட்டு வந்திருக்கணும். உங்கம்மா வழியா வந்திருக்கலாம்."

இறந்துபோன அம்மாவும் வேறு கூட்டத்திலிருந்து வந்தவர்தான். ஈஸ்வரமூர்த்தி "சரிங்க" என்றார். அந்த மாதம்தான் தங்கை மகள் செல்வப்பிரியாவுக்கு வரன் கூடியிருந்தது. இந்தப் பேச்சு வெளியே போனால் சம்பந்தம் நிற்காது. கல்யாணம் முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

4

வளைகாப்புக்குத் தாய்மாமன் சீரோடு போனார். வளையலைப் போட்டதும் அது சரசரவென்று முழங்கைக்கு ஓடியது.

"மாமா, என்ற கை அளவுகூட உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று செல்வப்பிரியா சிரித்தாள்.

நீண்டு மெலிந்த விரல்கள். செத்துப்போன அண்ணனின் கை அது.

(இங்கே அவரைப் பேசவைத்துப் பார்த்தேன். 'கண்ணு, உன்னைய ஒரு டாக்டர்கிட்ட' அதற்குமேல் வாக்கியம் போகவில்லை. சபை நிறைய சம்பந்தி வீட்டார்.)

"அடுத்த தடவ சின்னதா வாங்கியாறேன் கண்ணு" என்றார்.

5

பெண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு செல்வப்பிரியாவுக்கு நெஞ்சு வலித்தது. கணவன் சிவப்பிரகாஷ் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

"வலிக்குதுன்ன புள்ளைய பைக்குல குலுக்கிக் கொண்டுபோய்க் கொன்னுபோட்டான்" என்று தங்கை மருதாத்தாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். மருமகனை வாசற்படி ஏற விடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் ஈஸ்வரமூர்த்தி.

6

முடிவு (அ): சொல்லிவிடுகிறார். சிவப்பிரகாஷ் மேல் விழுந்த பழி நீங்கும். குழந்தையைப் பரிசோதிப்பார்கள், இருந்தால் மாத்திரையும் வருடாந்திர எக்கோவுமாகக் காப்பாற்றப் பார்க்கலாம். மருதாத்தாளுக்கும் பரிசோதனை நடக்கும். கூடவே அவள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்வாள்: நோய் அவள் வழியாகப் போனது, அண்ணன் ஈஸ்வரமூர்த்திக்கு அது முன்பே தெரியும்.

முடிவு (ஆ): சொல்லவில்லை.

முடிவு (இ): மருத்துவரே வந்து சொல்லிவிடுகிறார். (கிழித்துவிட்டேன். அது ஈஸ்வரமூர்த்தி தப்பிக்க நான் தேடிய சந்து.)

இப்போது அவர் கோபாலபுரத்தில், தங்கை எதிரில் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை அவள் மடியில் தூங்குகிறது.

"என்னங்ண்ணா, என்னமோ சொல்ல வந்தாப்பல இருக்கறீங்க?"

என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை. பதிலை நீங்கள் சொல்லுங்கள். மனதுக்குள் வேண்டாம், அவள் முகத்தைப் பார்த்து, குழந்தை விழித்துவிடாத குரலில்.