நத்தை ஓட்டின் தடிமன் குறித்து ஒரு பதில்

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது மேசைக்கு வந்தது.

ஓர் ஆய்வு நிறுவனத்தின் ஆவணக் காப்பகம். ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் தன் அலுவல் கடிதங்களையெல்லாம் அங்கே கொடுத்திருக்கிறார். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்து, கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, பென்சிலால் எண் போடுவது என் வேலை. விலங்கியல் முதுகலை முடித்தவள் செய்யக்கூடிய வேலைதான் என்று நான் நினைக்கிறேன். அம்மா அப்படி நினைக்கவில்லை.

"இவ்ளோ படிச்சது ஊரார் லெட்டரைப் படிக்கவாடி?"

"படிக்கறதில்லம்மா. அடுக்கறேன்."

பொய். படித்தேன். படிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை இருந்திருக்காது. யாருக்கும் நஷ்டமில்லை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பழைய காகிதத்தின் வாசனை அவளை எங்கோ தொலைதூரத்துக்கு—"

நிறுத்திவிட்டேன். பழைய காகிதம் என்னைத் தும்மலுக்குத்தான் கொண்டுபோகும்.

பிறகு: "நிமிர்ந்த நடையும் தீர்க்கமான பார்வையும் கொண்ட அந்த விஞ்ஞானி—" அவர் குள்ளம். நடக்கும்போது தரையைப் பார்ப்பார். நிறுவனத்தில் எல்லோருக்கும் அவர் நத்தை மேடம். நீர் நத்தைகளை ஆராய்ந்தவர் என்பதால் வந்த பெயர், நடைக்கும் பொருந்திவிட்டது.

அவரைப் புகழ்பெற வைத்த ஆய்வு இதுதான். நண்டு வளரும் தொட்டியின் தண்ணீரை நத்தைகளுக்கு விட்டார். ஓடு தடித்தது. நண்டில்லாத சாதாரணத் தண்ணீரில் வளர்ந்த நத்தைகளுக்குத் தடிக்கவில்லை. நண்டின் வாசனையில் பயந்து நத்தை தன் ஓட்டைப் பலப்படுத்திக்கொள்கிறது என்று எழுதினார். அது பாடப்புத்தகத்தில் ஏறியது. நானே தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

[இந்த இடத்தில் ஓர் உருவகம் வாசலில் வந்து நிற்கிறது. பயம், ஓடு, அதற்குள் ஒடுங்கும் மனிதர்கள் என்று. உள்ளே விடவில்லை.]

3.

பெட்டியில் பாதிக்குமேல் ஒரே ஆளின் கடிதங்கள். நத்தை மேடத்தின் வகுப்புத் தோழி, வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. "அடியே நத்தை" என்றுதான் ஆரம்பிப்பார். லென்ஸ் விலை, முட்டையிட மறுக்கும் நத்தைகள், துறைத்தலைவரின் தலைமுடிச் சாயம்.*

கடைசிக் கடிதம் மட்டும் தட்டச்சில் இருந்தது. "மதிப்பிற்குரிய முனைவர் அவர்களுக்கு. தங்கள் ஆய்வை மூன்று முறை செய்து பார்த்தேன். என்னிடம் சிமெண்ட் தொட்டி இல்லாததால் நண்டுகளையும் கண்ணாடித் தொட்டியிலேயே வைத்தேன். ஓடு தடிக்கவில்லை. தங்கள் நண்டுகள் எந்தத் தொட்டியில் இருந்தன? தங்கள் பதில் வராமல் எதையும் வெளியிடமாட்டேன்."

சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கும். நத்தை சுண்ணாம்பை வைத்துத்தான் ஓடு கட்டும். ஆக, நண்டுகள் இருந்தது சிமெண்ட் தொட்டி என்றால், அந்த நத்தைகள் பயப்படவே இல்லை. வயிறாரச் சாப்பிட்டிருக்கின்றன.

பதிலின் நகல் பெட்டியில் இல்லை. தோழி சொன்னபடியே எதையும் வெளியிடவில்லை. அதன்பின் அவர் எழுதியதெல்லாம் மண்புழுக்களைப் பற்றி.

* அலுவல் கடிதங்களில் இதுவும் சேரும் என்று வகைப்படுத்தியது நான்தான்.

4.

ஒரு நாள் நத்தை மேடமே ஓர் உறையோடு வந்தார்.

"இதை அந்தப் பெட்டியில போட்டுடும்மா."

"புதுசா எதையும் சேர்க்கக் கூடாது மேடம்."

"புதுசு இல்லம்மா. பதில்தான். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

நான் பிறந்த வருடத்துக் கடிதத்துக்கான பதில் அது.

"அவங்க... இருக்காங்களா மேடம்?"

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. போன மாசம் ஒரு கூட்டத்துல மைக்கைப் பிடிச்சவ விடவே இல்லையாம்."

"அப்போ தபால்ல அனுப்பிடலாமே?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தபால்ல போனா படிச்சுடுவாளேம்மா."

காப்பக அதிகாரி எட்டிப் பார்த்தார். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு விதி இருக்கும்.

"பிற்சேர்க்கைன்னு போட்டு, மூடின உறையில வைக்கலாம் மேடம். முப்பது வருஷத்துக்கு யாரும் திறக்க முடியாது."

"முப்பது போதுமா சார்?"

"உங்க ரெண்டு பேர் வயசுக்கும் தாராளம் மேடம்."

கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்ட ரயில் பயணிபோல நத்தை மேடத்தின் முகம் தெளிந்தது. ஒட்டுவதற்கு முன் தாளை என்னிடம் நீட்டினார். "தப்பு இருந்தா சொல்லு."

"அடியே, நீ சொன்னதுதான் சரி. நண்டுகள் சிமெண்ட் தொட்டியில்தான் இருந்தன. உன் கடிதம் வந்த வாரமே சோதித்துத் தெரிந்துகொண்டேன். தொட்டியை இடித்துவிட்டேன். பதில் எழுதத்தான் நேரமில்லை."

ஒரே ஒரு தப்பு இருந்தது. கடைசி வாக்கியம். நான் சொல்லவில்லை.

5.

இந்த இடத்தில் கதை சில வாரம் நின்றுபோனது. நத்தை மேடத்தைக் கோழையாக எழுதுகிறேனோ என்று சந்தேகம். கொஞ்சம் நல்லவராக்கலாம் என்று, "அன்று மாலை அவர் தபால் பெட்டியின் முன் நின்று" என்று ஒரு பத்தி எழுதினேன். கையை உள்ளே விடமாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தார். அடித்துவிட்டேன். எழுதுகிறவளுக்கு இது ஒரு சௌகரியம். பிடிக்காததை இடித்துவிட்டு, தொட்டியே இல்லாததுபோல் மேலே போகலாம்.

கதையை நகர்த்தியது நான் அல்ல. தோழி நேரில் வந்தார். வாசிப்பறையில் பென்சில் மட்டுமே அனுமதி என்றதும், "பேனா கொடுத்தா நான் என்ன திருத்தியா எழுதிடுவேன்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"நான் எழுதினதையெல்லாம் ஒரு தடவை பாக்கணும்மா. அவ எழுதினது என்கிட்ட இருக்கு."

பெட்டியைக் கொடுத்தேன். தலைமுடிச் சாயத்துக்குச் சத்தமாகச் சிரித்தார். கடைசிக் கடிதத்தில் சிரிப்பு நின்றது.

"மதிப்பிற்குரியவாம்! இதைப் பாத்தே மிரண்டிருப்பா கழுதை." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "இதுக்கு அவ பதில் எழுதினாளாம்மா? நகல் இருக்கணுமே. பால்காரனுக்குச் சீட்டு எழுதினாக்கூட நகல் வைக்கிறவ அவ."

நான் பென்சில் சீவினேன்.

"சண்டை போட வரல. மூணு தடவையும் எனக்கு ஓடு தடிக்கல. நான்தான் எங்கேயோ சொதப்பிட்டேன்னு நினைச்சு நத்தையையே விட்டுட்டேன். சொதப்பினேனா இல்லையான்னு தெரிஞ்சா போதும்."

ஒட்டிய உறை என் மேசை இழுப்பறையில் இருந்தது.

6.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

"இல்லை மேடம்" என்று சொல்லிவிடுகிறேன். விதிப்படி சரி. ஆனால் விடை தெரிந்த ஒருத்தி, விடை தெரியாமல் ஒரு வாழ்க்கையைத் திசைமாற்றிக்கொண்டவரை லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டு வரவேண்டும். அந்த லிஃப்டை என்னால் எழுத முடியவில்லை.

உறையைத் தெரியாத்தனமாகப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். வேலை போகும், அம்மா சந்தோஷப்படுவாள். ஆனால் நத்தை மேடம் என்னைத் தப்புப் பார்க்கத்தான் சொன்னார், பண்ணச் சொல்லவில்லை.

நத்தை மேடமே தற்செயலாக உள்ளே வருகிறார். தோழிகள் கட்டிக்கொண்டு அழு— எழுதும்போதே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். போனில் பேசுவது என்றால் எனக்குக் குரல் பாதியில் நின்றுவிடும். வங்கியிலிருந்து அழைத்தால்கூட அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ஆனாலும், "ஒரு நிமிஷம் மேடம்" என்று எழுந்துபோய் நத்தை மேடத்தின் எண்ணை அழுத்தினேன். அவங்க வந்திருக்காங்க, சொல்லலாமா? கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

மணி போகிறது. அவர் எடுத்து "ஹலோ" என்பதுவரை என்னால் எழுத முடியும். அதற்கடுத்த வார்த்தையை என் இஷ்டத்துக்கு அவர் வாயில் வைக்க எனக்கு உரிமையில்லை. வைத்தால், அவருடைய இந்தப் பதிலை நான் எழுதியதாகிவிடும்.

வாசிப்பறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தோழி கன்னத்தில் கைவைத்துக் காத்திருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கு எல்லாம் தெரியும்.

மணி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. எடுங்கள் மேடம். அவரிடம் என்ன சொல்லட்டும்?