ஆட்சேபணை ஒன்று

பாபநாசம் பிள்ளை ஓய்வுபெற்ற தாசில்தார். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், தாசில்தார் அல்ல. மனைவி காலமான பிறகு, திருநெல்வேலி டவுணில் இருந்த அந்தப் பெரிய வீட்டுக்குக் குடும்பத் தலைவர் அவர், குடும்பமும் அவரே.

1999 தையில் ஒருநாள், அமெரிக்காவில் இருந்த மகன் கணேஷ்ராம் போனில் சொன்னான்: "இன்டர்நெட்ல நம்மூர்க்காரங்க மன்றம் ஒண்ணு இருக்குப்பா. அதுல எழுதுங்க. நான் பாப்பேன்."

மறுநாளே பிள்ளை சலவை வேட்டி, துண்டு, பேனா சகிதம் காஜா முகைதீனின் பிரவுசிங் சென்டரில் ஆஜரானார். பிள்ளை சொல்லச் சொல்ல, கடைக்காரர் காஜா தட்டுவது என்று ஏற்பாடு.

மன்றத்தில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் இரண்டு பொத்தான்கள்: 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்'. அழுத்தியவர் பெயர் உலகறியப் பக்கத்தில் வந்து நிற்கும். பிள்ளை 'ஆற்றில் துணி துவைப்போருக்குச் சில வார்த்தைகள்', 'இளைஞர்களும் கையெழுத்தும்' என்று வாரம் ஒன்றாகப் பதினொரு கட்டுரைகள் போட்டார். ஒரு பெயரும் வரவில்லை.

"யாருமே அமுக்கலையே, அண்ணாச்சி" என்றார் காஜா.

"ஆட்சேபணை இல்லைன்னு அர்த்தம் வே. பட்டா மாறுதலுக்கு நோட்டீஸ் ஒட்டுவோம்லா, பதினஞ்சு நாள்ல எவனும் வாயத் தொறக்கலேன்னா ஊரே சம்மதிச்சாச்சு. உத்தரவு போட்டிருவோம்."

ஆகவே பதினாறாம் நாள் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும், 'ஆட்சேபணை ஏதும் வரப்பெறாததால் மேற்படி கருத்து உறுதி செய்யப்படுகிறது' என்று காஜா தட்ட வேண்டியதாயிற்று. நோட்டீஸ் ஒட்டிய சுவரைத் தாண்டிப் போனவர்கள் அதைப் படித்தார்களா என்று சர்வீஸில் பிள்ளை கவலைப்பட்டதே இல்லை. இப்போது வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே கவலைதான். குறிப்பாக, ஒருவன் படித்தானா என்று.

பன்னிரண்டாவது கட்டுரையில் எழுதினார்: 'பிள்ளைகள் அயல்நாட்டில் இருப்பதால் பெற்றோர் தனிமையில் வாடுகிறார்கள் என்பது வெறும் கட்டுக்கதை. நான் ஒருநாளும் வாடியதில்லை.'

மூன்றாம் நாள் அவர் படியேறும்போதே காஜா சத்தம் போட்டார். "அண்ணாச்சி, ஓடி வாங்க! ஒருத்தர் மறுத்திருக்காரு!"

'கணேஷ்ராம், நியூஜெர்சி' என்றிருந்தது.

பிள்ளையின் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் காஜா பார்த்துவிட்டார். பிள்ளை தொண்டையைச் செருமி அதை அதிகாரமாக மாற்றிக்கொண்டார்.

"ஆட்சேபணை வந்துட்டா விசாரணை வச்சாகணும். தட்டும் வே."

'ஆட்சேபணைதாரர் திரு. கணேஷ்ராம், வருகிற 22-ந் தேதி காலை பதினொரு மணிக்கு, உரிய ஆதாரங்களுடன் என் இல்லத்தில் நேரில் ஆஜராக வேண்டியது.'

"மவனுக்கா அண்ணாச்சி சம்மன்?"

"விசாரணைல மவன் என்ன, மருமவன் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை மகனின் போன் வந்தது.

"அப்பா, நீங்க எழுதுனதப் படிச்சேன். அதப் பத்தித்தான்…"

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. முப்பத்தாறு வருஷ சர்வீஸ் குறுக்கே வந்து நின்றது.

"ஏலே, விசாரணைல இருக்க விஷயத்த வெளிய பேசப்படாது."

"இல்லப்பா, நீங்க அங்கன தனியா…"

"நேர்ல வந்து சொல்லு. வாக்குமூலமா எழுதிக்கிடுதேன்."

"லீவு இல்லப்பா. ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றான். போனை வைத்த பிறகும் பிள்ளை அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

22-ந் தேதி கூடத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஒன்றில் அமர்ந்தார். பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. ஆஜராகாதவரின் ஆட்சேபணையைத் தள்ளிவிடுவதுதான் முறை. ஒரு மணி வெயிலில் குடையை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு நடந்தார்.

"வரலையோ? தள்ளுபடின்னு போட்டிரட்டுமா?" காஜா விரலைத் தயாராக வைத்திருந்தார்.

"வேண்டாம். அந்த 'மறுக்கிறேன்'ல அமுக்கும். எம் பேர்ல."

"ஒங்க கட்டுரைக்கேவா?"

"அமுக்கும்ங்கேன்."

காஜா அமுக்கினார். 'தங்கள் கருத்தைத் தாங்களே மறுக்க இயலாது' என்று திரையில் சிவப்பில் வந்தது.

பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தார். "எவன் போட்ட ரூல்ஸ் இது? அப்பீல் யாருகிட்ட பண்ணணும்?"

காஜா தன் பெயரில் மன்றத்துக்குள் போய் அழுத்தினார். கணேஷ்ராமுக்குக் கீழே காஜா முகைதீன் வந்து நின்றது.

"நீரு எதுக்கு வே மறுக்கீரு?"

"தெனம் பாக்கேன்லா, அண்ணாச்சி."

பிள்ளை பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டினார். "அப்பம் இரும். என்ன பாத்தீரு, ஒண்ணொண்ணாச் சொல்லும்."

அதற்குள் நாலாம் நம்பர் மெஷின் நின்றுபோய், ஒரு காலேஜ் பெண் கூப்பிட்டாள். "இந்தா வந்திருதேன்" என்று காஜா எழுந்து போனார். பிள்ளை பேனாவைத் திறந்து, நோட்டில் 'சாட்சி எண் 1' என்று எழுதி அடிக்கோடிட்டார். அங்கே காஜா மெஷினையே கழற்றத் தொடங்கியிருந்தார்; இப்போதைக்கு வருவதாகத் தெரியவில்லை.