எந்தப் பௌர்ணமியிலிருந்து

ஓர் உயிரின் வயதைச் சொல்ல எண்ணூறு ரூபாய், ரசீது வேண்டாமென்றால் எழுநூற்றைம்பது... மாண்ட்வி கடைத்தெருவில் பேரீச்சம்பழம் விற்பவன்கூட இதைவிடக் கறாராக இருப்பான், என்று நினைத்தாள் தேஜல், ஸ்கேன் சென்டர் பலகையை மறுபடி படித்தபடி, ஆனால் சிரிப்பு வரவில்லை, எப்படி வரும், பக்கத்தில் மாமியார் தேவ்காபென் கட்டைவிரலை விரல் கணுக்களில் நகர்த்தி எண்ணிக்கொண்டிருக்கும்போது. ஏழாம் மாதம் மருமகளின் மடியில் தேங்காயும் அரிசியும் நிரப்பும் சடங்குக்கு நாள் பார்க்கிறாளாம். வைசாக், ஜேட், அஷாட் என்று கணுவுக்கு ஒரு மாதம்... கட்டைவிரல் ஜேட்டில் சற்று நின்றதா, இல்லை, மூட்டுவலிக்காரி, எல்லாக் கணுவிலும்தான் நிற்கிறாள். ஜேட் பௌர்ணமியன்றுதானே அவள் மகன் மாவ்ஜியின் மரக்கலம் கரைக்கு வந்தது, அது அவளுக்கு நினைவுக்கு வர எத்தனை கணு வேண்டும், வந்துவிட்டால்... "கால ஆட்டாதடி, பெஞ்சு ஆடுது, கணக்கு தப்புது" என்றாள் தேவ்காபென். தப்பட்டும் மம்மி, தயவுசெய்து தப்பட்டும்.

அந்தச் செம்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். மழைக்கு முன் படகு திரும்பினால் தண்ணீர் நிறைந்த செம்போடு பெண்டாட்டி கரையில் நிற்க வேண்டும், படகின் மூக்குக்குக் குங்குமம் வைக்க வேண்டும், வீட்டுக்கு விலக்கான பெண் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒன்பது மாதம் காத்திருந்தவளுக்குப் படகு வருவதற்கு முதல் நாள் சாயங்காலம்தானா விலக்கு வர வேண்டும். பின்கட்டு அறையில் போய் உட்கார்ந்திருந்தால் நாத்தனார் செம்பைத் தூக்கியிருப்பாள், மாவ்ஜி கரையெல்லாம் தேடியிருப்பான்... உட்காரவில்லை. வாயை மூடிக்கொண்டு நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், குங்குமமும் வைத்துவிட்டாள். அவனிடம் மட்டும் அன்றிரவே சொன்னாள், அவன் சிரித்தான், "படகுக்கு மூக்குதான் இருக்கு, வாசனை தெரியாது" என்றான், வெக்கையாக இருக்கிறதென்று வீட்டாரிடம் சொல்லி நான்கு ராத்திரி மொட்டைமாடியில் படுத்தான். இப்போது அவன் சோமாலியக் கரையில் பெர்பெரா பக்கம் எங்கோ நடுக்கடலில், போனும் கிடையாது ஒன்றும் கிடையாது, சாட்சி ஒருவன், அவனும் தண்ணீரில்.

ஆக வீட்டுக் கணக்கில் அவள் கடைசியாக ஒதுங்கியது வைசாக் பௌர்ணமிக்கு மறுநாள். முதல்முறை வந்தபோது நர்ஸ் கடைசியாகத் தலைக்கு ஊற்றியது எப்போதென்று கேட்டாள், தேஜல் வாயைத் திறக்குமுன் தேவ்காபென்னே பதில் சொல்லிவிட்டாள், பின்கட்டில் யார் எப்போது உட்கார்ந்தார்கள் என்பது இந்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது. நர்ஸ் ஒரு காகிதச் சக்கரத்தைத் திருகி, அந்த நாளிலிருந்து நாற்பது வாரம், சிவராத்திரி சமயம் பிரசவம் என்றாள். முதல் இரண்டு வாரம் குழந்தையே இருக்காதாம், ஆனாலும் கணக்கில் சேர்த்தியாம், ஆள் குடிவருமுன்பே வாடகை ஓடுகிற மாதிரி... அதைக் கேட்டு அன்று கொஞ்சம் மூச்சு வந்தது, இரண்டு வாரம் தள்ளிப் பார்த்தால்? தள்ளிப் பார்த்தாலும் மாவ்ஜி கடலில்தான் இருந்தான். வைசாக்கில் ஒதுங்கினாள், ஜேட்டில் ஒதுங்கவில்லை, புருஷன் வந்ததே ஜேட்டில்தான், அப்படியென்றால் அவன் வருமுன்பே வயிற்றில் ஆள் இருந்திருக்கிறது... எழுதப் படிக்கத் தெரியாதவளும் போட்டுவிடுகிற கணக்கு. உண்மையைச் சொல்லலாம், விலக்கோடு செம்பைத் தூக்கினேன் என்று. சொன்னால் நாளைக்கு அந்தப் படகில் ஒரு பலகை இளகினாலும் அவள்தான், ஒரு ஆள் காய்ச்சலில் படுத்தாலும் அவள்தான். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் குழந்தைக்கு அப்பன் யார் என்று கேட்பார்கள். எதை விற்று எதை வாங்குவது.

பெயரைக் கூப்பிட்டார்கள். தேவ்காபென்னும் கூடவே எழுந்து வந்தாள், வராமல் இருப்பாளா. வயிற்றில் பசை சில்லென்று இருந்தது, டாக்டர்பென் கருவியை நகர்த்தினாள், நிறுத்தினாள், திரும்ப நகர்த்தினாள், ஏன் பேசமாட்டேன் என்கிறாள், இதயம் துடிக்கிறதா, துடிக்கிறது, அந்தத் தடதட சத்தம் அதுதானே... "தேதிப்படி பத்தொம்பது வாரம் இருக்கணும். இங்க பதினஞ்சுதான் தெரியுது. ஒரு மாசம் குறையுது. ஒண்ணு குழந்தை வளரல, இல்ல நீங்க குடுத்த தேதி தப்பு. நல்லா யோசிச்சு சொல்லும்மா, வளரலன்னா நான் ஊசி மருந்துன்னு ஆரம்பிக்கணும்." சொல்லிவிடு, குழந்தைக்கு ஊசி ஏறுமுன் சொல்லிவிடு, செம்பு போனால் போகட்டும், "டாக்டர்பென், நான்..." என்று தொடங்கினாள் தேஜல். "தேதி நான் குடுத்தது" என்றாள் தேவ்காபென், சுவரைப் பார்த்தபடி. "வயசாயிடுச்சு, மாசம் மாறிப்போச்சு. ஜேட் பௌர்ணமின்னு எழுதுங்க." டாக்டர்பென் எழுதினாள். அப்போ சரியா இருக்கு, ஹோலி கழிஞ்சு பிரசவம், என்றாள். சாயம் தோய்ந்த துணியை அலசிப் பிழிந்து கொடுப்பதுபோல அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் தேவ்காபென் வண்டிக்காரனிடம் உருளைக்கிழங்கு மசாலா வைத்த பன், இரண்டு தாபேலி சொன்னாள், ஒன்றில் காரம் கம்மியாக. மாசம் மாறிப்போகிறவளா இவள், பக்கத்து வீட்டு எருமை கன்று போட்ட திதிகூடச் சொல்வாளே... அப்படியானால் தெரியும், பௌர்ணமியன்றே தெரிந்திருக்கிறது, துவைக்கிற கல்லில் எதையோ பார்த்திருப்பாள். "மம்மி, அந்தச் செம்பு எடுத்த அன்னிக்கு..." "எந்தச் செம்பு?" என்றாள் தேவ்காபென், நிஜமாகவே புரியாத முகத்தோடு, பிறகு பன்னைப் பார்த்து, "சாப்பிடுடி. நான் ஒண்ணும் கேக்கல. எங்க மாவ்ஜி ஏழு மாசத்துல பொறந்தவன், தெரியுமா. உத்தராயண் அன்னிக்கு, வெளிய காத்தாடி விட்டுட்டிருந்தாங்க. மூணரைக் கிலோ. என் மாமியார் தராசையும் பாக்கல, என் முகத்தையும் பாக்கல. போய் வெல்லம் பங்கு வெச்சாங்க" என்றாள்.

தேஜல் மென்றுகொண்டே இருந்தாள். இந்த ஊரில் படகு வருவது ஜேட்டில். அங்கிருந்து சங்கராந்திக்கு, உத்தராயணுக்கு, ஏழு மாதம், சரி. ஏழு மாதத்தில் மூன்றரைக் கிலோவா... அவளை அறியாமல் கட்டைவிரல் கணுவில் ஏறியது, உத்தராயணிலிருந்து பின்னோக்கி ஒன்பது, சைத்ர மாதம், எல்லாப் படகும் கடலில், மாவ்ஜியின் அப்பா போன படகும். இவளுக்குச் செம்பு தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த இன்னொன்று, தேஜல் செய்யாதது, அதைத்தான் இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு மன்னித்துவிட்டு வந்து காரம் கம்மியாகத் தாபேலி வாங்கித் தருகிறாள். மறுத்தால் இவள் தன் ரகசியத்தை வீணாகக் கொட்டியவள் ஆவாள், ஒப்புக்கொண்டால் செய்யாத தப்பு தன்னுடையதாகும்... செய்த தப்பு எழுதப்படவில்லை, செய்யாதது தள்ளுபடி ஆகிவிட்டது, மாவ்ஜி பிறந்த கணக்கில் மட்டும் இரண்டு மாதம் நின்றது, பாக்கி.