எட்டு நாள் புற்று

இருபது வருடமாக வயிறு அறுக்கிறேன். தலைக்கனம் ஏறுவதற்கு அது தாராளமாகப் போதும். ஸ்கேன் எதற்கு, தொட்டாலே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன்.

ஒரு பஸ் கண்டக்டர் குடல் அடைத்துக்கொண்டு வந்தார். நாலு மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தார். வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது. திறந்து பார்த்தேன். சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில் கெட்டியாக ஒரு கட்டி, சுற்றிலும் நெறிகட்டிகள். மயக்க மருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "டிபியா இருக்கப் போகுது சார்" என்றார்.

"நீங்க தூங்க வைக்கிற வேலையைப் பாருங்கம்மா" என்றேன். என்ன திமிர் பாருங்கள்.

கட்டியை வெட்டி எடுத்து, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தேன். அந்த நூலில் கொஞ்சம் மிச்சம் வைத்து என் வாயையும் தைத்திருக்கலாம். பரிசோதனை முடிவு வரும்வரை பொறுக்காமல், வெளியே நின்ற அவர் மனைவியிடம், "புத்துநோய்மா. பரவியிருக்கு. ஒரு வருஷம் தாண்டுறது கஷ்டம்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா அழவில்லை. "அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

எட்டாம் நாள் அறிக்கை வந்தது. குடல் காசநோய். புற்று மருந்துக்குக்கூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன், திருட்டு முழி முழித்துக்கொண்டு படிக்கட்டில் இரண்டு முறை ஏறி இறங்கினேன்.

வார்டில் அந்த அம்மா அவருக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் போனேன். பதற்றத்தில் அவர் முன்னாலேயே உளறிக்கொட்டினேன்.

"புத்துநோய் இல்லைம்மா. நான் சொன்னது தப்பு. இது டிபி. மாத்திரையை விடாம சாப்பிட்டா குணமாயிடும். என்னை மன்னிச்சிடுங்க."

"எத்தனை மாசம் சாப்பிடணும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"குறைஞ்சது ஆறு மாசம். ஒரு நாள்கூட விடக்கூடாது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவரோ புருஷன் பக்கம் திரும்பினார்.

"வயித்து வலியை நாலு மாசமா மறைச்சீங்களே, மனுஷனா நீங்க? இளைச்சுக்கிட்டே போறீங்க, டாக்டர்கிட்ட போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, காதுல வாங்குனீங்களா?" குரல் உடைந்தும் நிறுத்தவில்லை.

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எட்டு நாளா இவ என்னை ஒரு வார்த்தை திட்டலை டாக்டர். சாகப்போறேன்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. இவ தாங்கமாட்டாளேன்னு நானும் காட்டிக்கலை."